கொத்தனார் நூலும் எல்.ஜி. தோட்டாவும்

என் அக்கா மகன் டெக்ஸஸில், டல்லாஸ் பக்கம் இருக்கிறான். கிரீன் கார்டு கைக்கு வந்த ஆறாவது மாதம் ஒரு நைன் எம்.எம். பிஸ்டல் வாங்கிவிட்டான். அக்காவுக்குச் சொல்லவில்லை, எனக்கு மட்டும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். படத்தில் இரண்டு தோட்டாப் பெட்டிகள். "மாமா, வூட்டுல வெச்சுக்க இதுல எது? நீங்க மிலிட்ரி ஆளு, நீங்கதான் சொல்லணும்."

அரை நிமிஷத்தில் பதில் போட்டேன்: "எது பலமோ அத்த வை."

அந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. இருபது வருஷம் ராணுவம், அதற்கப்புறம் பதினோரு வருஷம் பேங்க் வாசலில் டபுள் பேரலோடு நின்றவன் நான். அவன் எந்த மாதிரி வீட்டில் இருக்கிறான், சுவருக்கு அந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டாளத்துப் பழக்கம் அப்படி. மணல் மூட்டைக்குப் பின்னால் ஒளிந்திருப்பவனைக் குண்டு எட்டுமா என்பதுதான் அங்கே பாடம். எஸ்.எல்.ஆர். ரைஃபிள் குண்டு ஒற்றைக்கல் சுவரைத் துளைத்துக்கொண்டு போகும் என்று சொல்லும்போதே எங்களுக்குப் பயிற்சி கொடுத்த உஸ்தாத் மீசையைத் தடவிக்கொள்வார். பத்தடி அறையில் அந்தப் பெருமைதான் வினை. திருடனைத் தாண்டியோ, திருடனைத் தவறவிட்டோ குண்டு எங்கே போய் நிற்கும் என்பதுதான் வீட்டுக்கு உண்டான கேள்வி. அமெரிக்காவில் இதை ஓவர் பெனட்ரேஷன் என்கிறார்கள். 'தாண்டிப் போற குண்டு' என்று சொன்னால் நமக்குப் புரியும்.

அதுவும் இந்தக் கேள்வியை நான் மறந்திருக்கவே கூடாது. கண்ணால் பார்த்தவன்.

2013. வடசென்னையில் ஒரு பேங்க் கிளை. எந்த பேங்க் என்பது வேண்டாம். என்னோடு ஷிஃப்ட் மாற்றிக்கொள்ளும் ஒரு அண்ணன், அவரும் எக்ஸ் சர்வீஸ்மேன்தான். அவர் துப்பாக்கி வெளியே சுத்தி வைத்த பழைய மாடல். சாயங்காலம் ஆறு மணி, கேஷ் மூடியாயிற்று. தோட்டாவை எடுப்பதற்காகத் துப்பாக்கியை ஒடித்துத் திறக்கப் போனார். வியர்வைக் கை. துப்பாக்கிக் கட்டை வழுக்கி மொசைக் தரையில் விழுந்தது. விழுந்த வேகத்தில் வலது குழல் வெடித்தது.

உள்ளே இருந்தது எல்.ஜி. தோட்டா. பெரிய ஈய ரவை, ஒவ்வொன்றும் 9 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல், ஆறு ரவை. குழல் சாய்ந்திருந்தது மேனேஜர் கேபின் பக்கம். கேபின் என்றால் பிளைவுட் தடுப்புதான், மேலே பளபளவென்று ஒரு தோல் ஒட்டியிருக்கும். ரவைகள் முதல் பிளைவுட்டைத் துளைத்து, மேனேஜர் நாற்காலியின் முதுகைக் கிழித்து, எதிர்ப்பக்கத் தடுப்பையும் துளைத்து ரெக்கார்டு ரூமுக்குள் போயிருந்தன. இரும்பு பீரோ கதவில் இரண்டு ஓட்டை. திறந்து பார்த்தால் வவுச்சர் கட்டுக்குள் சப்பையாக இரண்டு ஈயத்துண்டு. ஒன்று மரச்சட்டத்தில், இன்னொன்று சுவர்ப் பூச்சில். ஐந்தாவதுதான் எனக்குப் புதுப்பாடம். தூணின் ஓரத்தில் உரசி, சுவரை ஒட்டினாற்போலவே பத்தடி ஓடி, குடிதண்ணீர் கேனை உடைத்திருந்தது. ஆறாவதைக் கடைசிவரை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை.

மேனேஜர் பத்து நிமிஷம் முன்னால்தான் டீ குடிக்க எழுந்து போயிருந்தார். அந்த அண்ணனுக்கு வேலை போயிற்று. போலீஸ், விசாரணை எல்லாம் நடந்தது, அதை விட்டுவிடுகிறேன். அன்றைக்கு ராத்திரி நான் என் தோட்டாப் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாமே எல்.ஜி. ஏன் எல்.ஜி.? வேலைக்குச் சேர்ந்தபோது 'செக்யூரிட்டிக்கு எல்லாரும் இதான் வாங்குறாங்க' என்றார் கடைக்காரர். காரணம் அவ்வளவுதான்.

பார்த்தும் புத்தி வரவில்லை, பாருங்கள். பத்து வருஷம் கழித்து மருமகனுக்கு 'பலமானதை வை' என்று சொல்லியிருக்கிறேன்.

அவன் என்னை விட நிதானமானவன். என் பதிலைப் படித்துவிட்டு, "இங்க சுவரெல்லாம் அட்டை மாதிரி மாமா" என்று எழுதினான். நம் ஊரில் ஃபால்ஸ் சீலிங்குக்கு அடிப்போமே, அந்த ஜிப்சம் போர்டு. அங்கே அறைக்கு அறை சுவரே அதுதான். இரண்டு பக்கமும் அரை இன்ச் போர்டு, நடுவில் மரச்சட்டம், சட்டத்துக்குச் சட்டம் வெறும் காற்று. ஓங்கி ஒரு குத்து விட்டால் கை உள்ளே போய்விடும். அவன் படுக்கையறைக்கு அடுத்த அறையில் அவன் பெண் தூங்குகிறாள். அதற்கடுத்து பக்கத்து வீட்டுக்காரரின் ஹால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகருக்கு வெளியே நண்பன் ஒருவனுடைய நிலத்தில் மண்மேட்டை முட்டுக்கொடுத்து, சட்டத்தில் போர்டு அடித்து நாலு சுவர் நிறுத்தி, சுட்டுப் பார்த்து வீடியோ அனுப்பினான். நான் அதைப் பத்துத் தடவையாவது பார்த்திருப்பேன்.

முதலில் சாதாரண நைன் எம்.எம். முழுக்கத் தாமிரக் கவசம் போட்ட குண்டு, 115 கிரெயின். கிராமில் சொன்னால் கிட்டத்தட்ட ஏழரை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "எடையிலயே ஏழர இருக்குது, வெளங்கிடும்" என்றாள். நாலு சுவரையும் துளைத்து மண்ணில் போய்ப் புதைந்தது. அது எதிர்பார்த்ததுதான்.

அடுத்து ஹாலோ பாயின்ட். மூக்கில் குழி உள்ள குண்டு. உடம்பில் பட்டால் குழிக்குள் ஈரம் நெருக்கி, குண்டு பூ மாதிரி விரிந்து, வேகம் அடங்கி உள்ளேயே நின்றுவிடும். வீட்டுக்கு அதுதான் நல்லது என்று அங்கே கடைக்குக் கடை சொல்கிறார்களாம். அதுவும் நாலு சுவரையும் துளைத்தது! மண்ணைக் கிளறி எடுத்துக் காமெராவுக்குக் கிட்டே காட்டினான். குண்டு விரியவே இல்லை. மூக்குக் குழி நிறைய வெள்ளையாக ஜிப்சம் மாவு, பாக்கு இடிக்கிற உரலில் சுண்ணாம்பு அடைத்துக்கொண்டது போல. குழி அடைபட்டால் அதுவும் வெறும் உருண்டைக் குண்டுதான்.

பிறகு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான பால் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்துச் சுட்டான். இப்போது ஹாலோ பாயின்ட் மூன்றாவது கேனில் நின்றுபோனது, காளான் மாதிரி விரிந்து. கவசக் குண்டு ஐந்து கேனையும் ஓட்டை போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் பிடிபடும். விரியும் குண்டு, ஆள் மேல் பட்டால் மட்டும்தான் அடங்கும். குறி தவறினால் அதற்கும் கவசக் குண்டுக்கும் வித்தியாசம் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்திலிருந்து எழுந்து, கை நடுங்க, இருட்டில் சுடுகிறவன் தவறவிடுவான். நானும் தவறவிடுவேன். பழக்கம் உள்ள போலீஸ்காரர்களே தவறவிடுகிறார்கள். ஆகவே பெட்டியை மாற்றினால் பாதிப் பிரச்சினைதான் தீரும்.

அவன் நண்பனிடம் ரவை சுடும் பன்னிரண்டு போர் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. பெரிய ரவை போட்ட தோட்டா நாலு சுவரையும் தாண்டியது. குருவி சுடுகிற எட்டாம் நம்பர் பொடி ரவை, பத்தடியிலிருந்து முதல் சுவரில் கையளவு ஓட்டை போட்டுவிட்டு, இரண்டாவது சுவரின் முதல் போர்டிலேயே அம்மைத் தழும்பு மாதிரி பதிந்து நின்றுவிட்டது. "அப்ப இதான் மாமா பெஸ்ட்டு" என்று துள்ளினான்.

அங்கேதான் கொஞ்சம் நிறுத்தினேன். சுவரில் நிற்கிறது என்றால் ஆள் மேலும் சீக்கிரம் நின்றுவிடும். கனத்த ஜாக்கெட், குறுக்கே ஒரு கை என்றாலே போதும், உள்ளே இறங்காது. ரத்தம் கொட்டும், ஆனால் வருகிறவன் வந்துகொண்டே இருப்பான். அமெரிக்க எஃப்.பி.ஐ. இந்தப் பாடத்தை உயிரைக் கொடுத்துப் படித்தது. 1986 ஏப்ரல் 11, மயாமி. ஒரு கொள்ளையன் மேல் பட்ட நைன் எம்.எம். குண்டு அவன் கையைத் துளைத்து நெஞ்சுக்குள் போய், இதயத்தை எட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவன் சுட்டுக்கொண்டே இருந்தான். இரண்டு ஏஜென்ட்டுகள் செத்தார்கள், ஐந்து பேருக்குக் காயம். அதிலிருந்துதான் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளக்கும் கணக்கு வந்தது: குறைந்தது 12 இன்ச் இறங்க வேண்டும், 18 இன்ச்சைத் தாண்டக் கூடாது. அந்த ஆறு இன்ச் இடைவெளிக்குள் நிற்கிற குண்டைத்தான் நல்ல குண்டு என்கிறார்கள். கவச நைன் எம்.எம். அதே ஜெலட்டினில் இரண்டு அடிக்கு மேல் போகும்.

நடுவில் ஒரு சங்கதி. இந்த விரியும் குண்டுக்கு நம் நாட்டோடு பழைய சொந்தம் உண்டு. கல்கத்தா பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில்தான் 1890களில் பெர்ட்டி-கிளே என்ற வெள்ளைக்கார கேப்டன் மூக்கில் கவசம் இல்லாத .303 குண்டைச் செய்தார். 'டம்டம் புல்லட்' என்று பேர் பெற்றது அதுதான். 1899இல் ஹேக் மாநாட்டில் போரில் இது கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். யுத்தத்தில் ஆகாது என்று ஒதுக்கியதை, வீட்டுக்கும் போலீசுக்கும் இதுதான் அக்கம்பக்கத்துக்குப் பாதுகாப்பு என்று இன்றைக்கு வாங்குகிறார்கள். கேட்டால் வேடிக்கையாக இருக்கும், ஆனால் காரணம் சரிதான்.

சரி, அவன் வீட்டை அலசியாயிற்று. என் வீடு?

எங்கள் வீடு கொருக்குப்பேட்டையில், அப்பா கட்டியது. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அறை. ஹால், படுக்கையறை, சமையல்கட்டு. சமையல்கட்டுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். முன்வாசலைத் திறந்தால் ஆறடிச் சந்து, அதைத் தாண்டினால் எதிர்வீட்டு வாசல். அவர்கள் டிவியில் ஓடும் சீரியலை என் கட்டிலில் படுத்தபடியே பார்க்கலாம், சத்தம் மட்டும்தான் எங்கள் டிவியோடு கலந்துவிடும்.

'நம்முது செங்கல் சுவர், அமெரிக்காக்காரன் அட்டை வீடா இது' என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீடியோ பார்த்த மறுநாள் பரணில் கிடந்த கொத்தனார் நூல் கண்டை எடுத்தேன். ராத்திரி சத்தம் கேட்டால் நான் எங்கே நிற்பேன்? படுக்கையறை நிலைப்படியில். அங்கே நெஞ்சு உயரத்தில் ஓர் ஆணி அடித்தேன். நூலை அதில் கட்டி, கண்டை வீட்டுக்காரி கையில் கொடுத்து, "வாசப் பக்கமா நேரா புடிச்சினு போ, எங்க முட்டுதோ அங்க நில்லு" என்றேன்.

"பென்ஷன் வாங்குற வயசுல நூல் வுட்டு வெளையாடறியா?" என்று முனகிக்கொண்டே போனாள். வாசலைத் தாண்டினாள். சந்தைத் தாண்டினாள். எதிர்வீட்டுப் படியேறி உள்ளே போய்விட்டாள். அங்கிருந்து சத்தம் இல்லை. நான் குனிந்து நூலின் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். எதிர்வீட்டு ஹாலில் உத்திரத்துக் கொக்கியிலிருந்து பழைய புடவையில் கட்டிய தூளி தொங்கிக்கொண்டிருந்தது. நாலு மாதக் குழந்தை, அந்த வீட்டு அக்காவின் பேரன். என் வீட்டுக்காரி அந்தத் தூளியைத் தொட்டாற்போல நின்றுகொண்டிருந்தாள். நூல் அங்கேதான் முட்டியிருந்தது.

அந்த அக்கா வெளியே தலையை நீட்டி, "இன்னா மிலிட்ரி, வாசக்கால் மாத்தப் போறியா?" என்றார்.

"அளவு பாக்கறேன்க்கா."

வேறென்ன சொல்வது.

அடுத்து வலது பக்கம். அந்தச் சுவர் சித்தப்பாவும் அப்பாவும் பாகம் பிரித்தபோது அவசரமாக எழுப்பியது. நாலரை இன்ச், அவர்கள் பக்கம் பூச்சுகூட ஒழுங்காக இல்லை. மேலே காற்றுக்கு ஒரு சிமென்ட் ஜாலி. அந்த ஜாலிக்கு நேர் அந்தப் பக்கம் சித்தப்பா பேத்தியின் படிக்கிற மேஜை. பிளஸ் டூ படிக்கிறவள், ராத்திரி ஒரு மணி வரை லைட் எரியும். பொடி ரவை செங்கலில் நின்றுவிடும். கனத்த ஒற்றைக் குண்டு போட்ட தோட்டாவை அந்தச் சுவரை நம்பிச் சுட மாட்டேன். ஜாலியில் எதுவுமே நிற்காது.

இடது பக்கம் பொதுச் சுவர், ஒன்பது இன்ச், கெட்டி. ஆனால் கெட்டிச் சுவருக்கு வேறு குணம். சாய்வாகப் படும் ரவை உள்ளே போகாமல் சுவரை ஒட்டியே வழுக்கி ஓடும். பேங்கில் தண்ணீர் கேனை உடைத்தது அப்படித்தான். கிரானைட் தரை போட்ட வீடுகளுக்கும் இதேதான். ஜிப்சம் வீட்டில் துளைத்துக்கொண்டு போவது, இங்கே திரும்பி வருவது. துப்பாக்கி சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டி நிற்காதே என்று பட்டாளத்தில் கற்றுக்கொடுத்ததன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் வீட்டுக்குள் விளங்கியது.

பின்பக்கம் ஒன்றுதான் தேறியது. சமையல்கட்டுப் பின்சுவர் ஒன்பது இன்ச், அதற்குப் பின்னால் ரயில்வே காம்பவுண்டு. அப்புறம் தண்டவாளம், கூட்ஸ் வண்டிகள். அதிலும் உயரம் முக்கியம். நூலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் ஆஸ்பெஸ்டாஸ். அது அப்பளம், எந்த ரவைக்கும் பொத்துக்கொள்ளும். எல்.ஜி. ரவை மேல்நோக்கிப் போனால் அரை கிலோமீட்டர் தாண்டித்தான் விழும். வெயில் காலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் மொட்டை மாடியில்தான் படுக்கிறார்கள்.

ஆக மொத்தம் என் வீட்டில் சுடுவதற்கு லாயக்கான ஒரே திசை, அடுப்பு மேடைக்கு மேலே அஞ்சறைப்பெட்டி வைத்திருக்கும் சுவர். இதை அவளிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கை எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

இப்போது தோட்டாவுக்கு வருகிறேன். நைன் எம்.எம். எல்லாம் இங்கே பொதுமக்களுக்குக் கிடையாது, தடை செய்த போர், அதாவது குழல் அளவு. லைசென்ஸ் வாங்கினால் பன்னிரண்டு போர், .32 ரிவால்வர், .32 பிஸ்டல் இந்த மாதிரிதான். சௌகார்பேட்டைப் பக்கம் நகைத் தொழில் செய்யும் சிலரிடம் .32 பார்த்திருக்கிறேன். என் கண்ணில் பட்ட தோட்டாக்கள் எல்லாம் உருண்டை மூக்கு, விரிவதற்கு வழியில்லை. அதனால் பெட்டி தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பன்னிரண்டு போர்க்காரனுக்குத்தான் கொஞ்சம் உண்டு. பன்னிரண்டு போர் என்றால் குழலுக்குச் சரியான உருண்டை ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்து ஒரு பவுண்டு எடை. நம் கட்கி தொழிற்சாலைத் தோட்டாவில் எல்.ஜி., எஸ்.ஜி., பி.பி., நாலு, ஆறு, எட்டு என்று நம்பர் ஏற ஏற ரவை பொடியாகும். எஸ்.ஜி. 8.4 மில்லிமீட்டர், பி.பி. 4.1, நாலாம் நம்பர் 3.1. இதெல்லாம் இங்கிலீஷ்காரன் அளவு. அமெரிக்க நம்பரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மருமகன் "நாலாம் நம்பர் பக்" என்று சொன்னது வேறு, நம் நாலாம் நம்பர் வேறு.

என் வீட்டில் அதிகபட்ச நேர்த்தூரம், படுக்கையறை நிலைப்படியிலிருந்து பின்சுவர் வரை, டேப் வைத்து அளந்தேன், பதினாலு அடி. அந்தத் தூரத்தில் ரவை உள்ளங்கை அகலத்துக்குமேல் பரவுவதில்லை. 'பன்னிரண்டு போருக்குக் குறி பார்க்கவே வேண்டாம், அறை பூரா பரவும்' என்பதெல்லாம் டீக்கடைப் பேச்சு. பரவாமல் கட்டியாகப் போவதால் பொடி ரவைகூட அந்தத் தூரத்தில் பிளைவுட் கதவைப் பெயர்க்கும். பொடி ரவை என்றால் ஆபத்தில்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சுவரைத் தாண்டாது, அவ்வளவுதான்.

நான் எல்.ஜி.யையும் ஒற்றைக் குண்டையும் வீட்டை விட்டு ஒழித்தேன். பி.பி. வைத்திருக்கிறேன். அமெரிக்கக் கணக்கில் அது 12 இன்ச்சைத் தொடாது. அங்கே இருக்கும் அனுபவசாலிகள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள், தெரியும். பதினாலு அடிக்கு, எதிர்வீட்டுத் தூளிக்கு, அஞ்சறைப்பெட்டிச் சுவருக்கு இது போதும் என்று நானே எடுத்த முடிவு. தோட்டத்து வீட்டில், சுற்றி ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் இருப்பவர் இதைப் பார்த்து வாங்க வேண்டாம்.

கடையில் மாற்றி வாங்கும்போது பாய் ஒரு நல்ல காரியம் செய்தார். "உங்க துப்பாக்கி சேம்பர் அறுபத்தஞ்சா, எழுபதா?" என்றார். சேம்பர் என்றால் குழலில் தோட்டா உட்காரும் அறை. குழலின் அடியில் முத்திரையைத் துடைத்துப் பார்த்தோம். 65. பழைய துப்பாக்கிகள் நிறைய அப்படித்தான். 70 மில்லிமீட்டர் தோட்டா அதற்குள் நுழைந்துவிடும், மூடவும் செய்யும். சுட்டால் தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். தோட்டா எழுபது என்று பெட்டியில் இருக்கும், யாரும் படிப்பதில்லை. லைசென்ஸ் புத்தகத்தில் வாங்கிய எண்ணிக்கையைக் கவனமாக எழுதுகிறோம், இந்த எண்ணைப் பார்ப்பதில்லை.

இன்னொன்று உப்புக்காற்று. காசிமேட்டுக் காற்று எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியையே தின்கிறது, தோட்டாவின் பித்தளை அடியை விடுமா? வருஷத்துக்கு இரண்டு தடவை எடுத்துப் பார்ப்பேன். பச்சைக் களிம்பு பிடித்தது, உடல் உப்பியது, வாய் மடிப்பு விட்டது எல்லாம் தனியே. உப்பிய தோட்டா குழலுக்குள் மாட்டிக்கொண்டால் குச்சி விட்டுத் தட்டித்தான் எடுக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். பீரோ அடித்தட்டில் இருந்த ஒரு பெட்டி ஊறிவிட்டது. வெயிலில் காயவைத்தால் ஆயிற்று என்றான் ஒரு நண்பன். ஆகாது. மருந்து நனைந்த தோட்டா வெடிக்காமல் போகலாம், தாமதமாக வெடிக்கலாம், பாதி வெடித்து ரவை குழலிலேயே சிக்கலாம். குப்பையில் போடவும் முடியாது, எங்கள் குப்பை கொடுங்கையூர் குப்பைமேட்டில் போய்க் கிளறுபடுகிறது. எண்ணிக்கையோடு கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, புத்தகத்தில் எழுதி வாங்கினேன்.

சட்டமும் ஒரு வரி. தற்காப்பு உரிமை, புதிய குற்றச் சட்டமான பி.என்.எஸ்ஸில் 34 முதல் 44 வரை பிரிவுகளில் இருக்கிறது, பழைய ஐ.பி.சி.யில் 96 முதல் 106. கடைசிப் பிரிவு இந்தக் கட்டுரைக்கென்றே எழுதினது போல இருக்கும். உயிருக்கு ஆபத்து, அடுத்தவருக்குத் தீங்கு வராமல் தற்காத்துக்கொள்ளவே முடியாத நிலை என்றால், அந்த ஆபத்தை எடுக்கவும் உரிமை உண்டு என்கிறது. கூட்டத்துக்குள் குழந்தைகள் கலந்திருக்கும் உதாரணத்தையே கொடுத்திருக்கிறார்கள். படித்ததும் முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் 'வேறு வழியே இல்லை' என்பதைக் கோர்ட்டில் காட்ட வேண்டியவன் நான். மோட்டார் திருட வந்தவனைச் சுட்டு, ரவை சித்தப்பா வீட்டுக்குள் போனால் அந்தப் பிரிவு வந்து நிற்காது. அலட்சியத்தால் மரணம் என்றால் ஐந்து வருஷம் வரை. எதிர்வீட்டு அக்காவின் முகத்தை எந்தப் பிரிவைக் காட்டிப் பார்ப்பேன் என்பது அதற்கப்புறம்.

போன பொங்கலுக்கு முந்தின ராத்திரி பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் தடதடவென்று சத்தம். துப்பாக்கியை எடுக்கவில்லை. பீரோ சாவி ஓரிடம், தோட்டா ஓரிடம், எடுத்துப் போட்டு மூட எனக்கு நாற்பது செகண்டு ஆகும். டார்ச்தான் கையில் வந்தது. "யார்ரா அது!" என்று பரேடு குரலில் கத்தினேன். "நான்தான் பெரிப்பா" என்று மேலேயிருந்து பதில். சித்தப்பா பேரன், இருபது வயசு. லேட்டாக வந்ததற்கு அவன் அப்பா கதவைத் திறக்கவில்லையாம். அந்த ஷீட்டை மாற்ற நாலாயிரம் ஆயிற்று, அதை அவனிடமே வசூலித்தேன். நல்ல டார்ச், பின்கதவுக்கு இரும்புத் தாழ்ப்பாள், ஒரு சென்சார் லைட் இந்த மூன்றையும் தோட்டாவுக்கு முன்னால் வாங்குங்கள். டார்ச் வெளிச்சம் சுவரைத் தாண்டாது.

மருமகன் என்ன செய்தான்? கனமான ஹாலோ பாயின்ட் ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். ஒரே பெட்டி வாங்கி வைத்துவிடவில்லை, அதே தோட்டாவில் ஐம்பது சுட்டு, அவன் பிஸ்டலில் சிக்காமல் ஓடுகிறதா என்று பார்த்தான். அதை விட முக்கியமாக, நான் சொன்னபடி அவனும் நூல் பிடித்தான். அவன் கட்டிலிலிருந்து அறைக்கதவு வழியாகப் போன நூல் நேரே மகளின் அறைக்குள் போயிற்று. கட்டிலைத் திருப்பிப் போட்டான். இப்போது நூல் மாடிப்படியில் இறங்கி, வெளிச்சுவரின் செங்கல் பதித்த பக்கம் போய் முட்டுகிறது. அந்தச் சுவரை ஒட்டிப் புத்தக அலமாரியும் வைத்தான், தடித்த புத்தகமாகப் பார்த்து அடுக்கி. கைரேகை வைத்தால் திறக்கும் சின்னப் பெட்டி ஒன்று, பெண்ணுக்கு எட்டாத உயரத்தில். அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

2024 மார்ச்சில் தேர்தல் தேதி அறிவித்ததும் வழக்கம்போல ஸ்டேஷனில் துப்பாக்கியை ஒப்படைத்து ரசீது வாங்கினேன். திருப்பி எடுத்து வந்து பீரோவில் வைத்தபோது ஜூன் பாதி ஆகிவிட்டது. நிலைப்படி ஆணியில் என் வீட்டுக்காரி சாவிக்கொத்தை மாட்டியிருந்தாள். முன்வாசலில் ஏதோ சத்தம், எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டில் தூளியை அவிழ்த்துவிட்டார்கள். பையன் தவழ்ந்து சந்தைத் தாண்டி எங்கள் வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தான்.

சாவிக்கொத்தைக் கழற்றிவிட்டு நூல் கண்டைத் தேடினேன்.